தாங்கும் என்றேன்

நான் குண்டானவன். இதிலிருந்து தொடங்குவதுதான் சரி. எங்கள் குழுவில் எனக்கு இருந்த மரியாதையில் பாதி என் எடையால் வந்தது.

எங்கள் ஹெரிஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் இருக்கும் பழைய பண்ணைக் கட்டடங்களைத் தேடிப் போய்ப் பார்க்கிற குழு அது. கோடைக்காலச் சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கிளம்புவோம். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். ஏதாவது ஒரு விவசாயி தன் கொட்டிலையோ தானியக் களஞ்சியத்தையோ திறந்துவிடுவார். அண்ணாந்து பார்ப்போம், உத்தரத்தைத் தடவுவோம். ஒருவர் நானூறு வருடம் என்பார், இன்னொருவர் முந்நூறுக்கு மேல் ஒரு நாள்கூட இருக்காது என்பார். கடைசியில் வீட்டம்மா டீயும் கேக்கும் கொடுப்பார். யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லாத பொழுதுபோக்கு என்றுதான் என் மனைவி உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கட்டடங்களில் மாடித் தரைதான் ஆபத்து. பலகை எங்கே இற்றிருக்கிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. குழுவிலேயே கனமான ஆள் முதலில் ஏறுவார். அது நான். ஒரு நீளக் கம்பின் நுனியில் சாக்பீஸைக் கட்டியிருப்பேன், என் தொப்பையோடு குனிய முடியாது என்பதால். கால் வைத்து, எடையை முழுக்க இறக்கி, தாங்கினால் அந்த இடம்வரை கோடு இழுப்பேன். தாங்காத இடத்தில் பெருக்கல் குறி போடுவேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பி நின்று, "தாங்கும்" என்று குரல் கொடுப்பேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டின் மேல் நடந்து வருவார்கள். கீழே பார்த்து நடக்க வேண்டியதே இல்லை. கோடு இருந்தால் போதும்.

"யோவ் ஆம்ப்ரோஸ், காலையில எத்தன முட்ட சாப்பிட்ட?" என்று ஏணிக்குக் கீழே நின்று ஐவர் கத்துவான். முன்பு பண்ணை ஏலங்களை நடத்தியவன், தொண்டை சும்மா இருக்காது. "ரெண்டுன்னா சொல்லிடு, நான் மேல வரல."

"நாலு," என்பேன்.

"அப்ப சரி. உன்னைத் தாங்குச்சுன்னா சர்ச் மணியையே தாங்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். வாழ்நாள் முழுக்க என் உடம்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பில் மட்டும் நம்பிக்கை இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

போன வாரமும் இந்த போலீஸ் ஸ்டேஷனில் இதே அறையில்தான் உங்கள் எதிரே உட்கார்ந்திருந்தேன், சார்ஜென்ட். எனக்குத் தெரிந்திருந்தும் மறந்துவிட்டேன் என்றேன். நீங்கள் டீ வரவழைத்துக் கொடுத்து, "வீட்டுக்குப் போங்க ஐயா, மறதிக்கெல்லாம் யாரும் கேஸ் போட மாட்டாங்க. உங்களை நீங்களே வதைச்சுக்காதீங்க" என்றீர்கள். நல்ல மனதோடு சொன்னீர்கள். அதனால்தான் மறுபடி வர வேண்டியதாகிவிட்டது. மரண விசாரணையில் நான் சொன்னது பொய். உங்களிடம் சொன்னது அதைவிடச் சின்னப் பொய். இன்றைக்குப் பொய் சொல்ல உத்தேசமில்லை.

நெதர்காட் பண்ணையில் ஒரு கட்டடம் இருந்தது. வளைந்த ஓக் மரத்தை நெடுக்காகப் பிளந்து, இரண்டு பாதியையும் எதிரெதிரே நிறுத்திக் கூரையைச் சுமக்க வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அதற்குள் மாடி போட்டு, பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவை உலர்த்தும் சூளையாக மாற்றியிருந்தார்கள். நான்தான் அதை முதலில் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்பது எங்கள் குழு பேசும் பாஷை. பண்ணைக்காரர்களுக்கு அது எப்போதும் அங்கேதான் இருந்தது. ஆயிரத்து முந்நூற்று எண்பதைச் சேர்ந்தது, இந்த மாவட்டத்திலேயே மூத்த பண்ணைக் கட்டடம் என்று நான் சொன்னேன். எழுதினேன். ஊர் மன்றங்களில் படம் போட்டுக் காட்டினேன். பக்கத்து ஊர் மதுக்கடையில் அதன் படம் என் பெயரோடு மாட்டியிருக்கிறது. ஒரு சாதாரண வீட்டுத் தரகனுக்கு அது பெரிய விஷயம்.

மெரியல் ப்ராசர் எங்கள் குழுவுக்கு வந்தபோது அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். பள்ளியில் வேதியியல் கற்பித்தவள். ஒல்லியாக, வேகமாக, கையில் எப்போதும் டார்ச்சோடு இருப்பாள். எதையும் கண்ணால் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டாள். "யாரு சொன்னா?" என்று கேட்பாள். யார் சொன்னதென்று சொன்னால், "அவங்களுக்கு யாரு சொன்னா?" என்பாள். எரிச்சலாக இருக்கும், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக் கோபப்பட முடியாது. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். மாடி ஏறும்போது எனக்கு அடுத்து வருவது அவள்தான். என் கோட்டின் மேல் முதல் ஆளாக நடப்பாள்.

மரத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு துளை போட்டு, உள்ளே இருக்கும் வளையங்களை வைத்து அது வெட்டப்பட்ட வருடத்தைச் சொல்லிவிடலாம். குளிர்காலத்தில் பண்ணைக்காரரிடம் அனுமதி வாங்கி நெதர்காட்டில் துளைத்தாள். என்னிடமும் கேட்டாள். தாராளமாகச் செய் என்றேன். எனக்குப் பயமில்லை. நாற்பது வருடமாகச் சொல்லி வந்த ஒன்று உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

குழு நெதர்காட்டுக்குப் போகவிருந்த சனிக்கிழமைக்குக் கொஞ்ச நாள் முன்னால் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். உள்ளே வரவில்லை. என்னைக் காருக்குள் உட்காரச் சொன்னாள்.

"ஆம்ப்ரோஸ், முடிவு வந்துடுச்சு."

"சொல்லு."

"ஆயிரத்து ஐந்நூத்தித் தொண்ணூறு வாக்குல வெட்டின மரம். ரெண்டு தடவ சரி பார்த்தாச்சு."

இருநூறு வருடம் இளையது. அப்படிப்பட்ட கட்டடம் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறது.

"மிஷின்ல ஏதாவது கோளாறா இருக்கலாம்ல?" என்றேன்.

"மிஷினா சொல்லுது? மரம்ல சொல்லுது." பிறகு என் கையைத் தட்டினாள். "இத நான் குழுவுல யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். சனிக்கிழம டீ நேரத்துல நீங்களே சொல்லுங்க. உங்களுக்கே சந்தேகம் வந்து, நீங்கதான் என்னைத் துளைக்கச் சொன்னீங்கன்னு சொல்லிடுங்க. நான் ஆமாம்பேன். எவ்வளவு பெரிய மனசுன்னு எல்லாரும் உங்களத்தான் பாராட்டுவாங்க."

நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். அவள் கார் முனை திரும்பும்வரை கையசைத்துக்கொண்டு நின்றேன்.

இந்த இடத்தில் நான் வழக்கமாக எனக்குச் சொல்லிக்கொள்ளும் காரணத்தைச் சொல்கிறேன். நெதர்காட் பண்ணைக்காரர் டென்ஸில் பெடோஸ் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுச் சுற்றுலாக்காரர்களுக்கு அறைகள் கட்டப் போகிறார் என்று ஊரில் பேச்சு. மாவட்டத்திலேயே மூத்தது என்ற பெயர்தான் அதைக் காப்பாற்றி வந்தது. அந்தப் பெயர் போனால் கட்டடம் போகும். நானோ வாயில்லாத ஒன்றுக்காகப் பேசுகிறவன். இப்படி. இதைப் பல மாதம் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி முன் நின்று சொன்னாலும் நன்றாகவே இருக்கும்.

வசந்தத்தின் தொடக்கத்தில் நான் ஒருமுறை தனியாக அந்த மாடிக்குப் போயிருந்தேன். அளவெடுக்க. ஹாப்ஸை உலர்த்திய பிறகு ஆளுயரத்துக்கும் மேலான சாக்கில் அடைப்பார்கள். அந்தச் சாக்கைத் தொங்கவிட மாடித் தரையில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். வேலை முடிந்ததும் அதன்மேல் பலகை மூடி போட்டுவிடுவார்கள். அங்கே மூடி போட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தூசியும் வௌவால் எச்சமும் படிந்து, மூடி எது தரை எது என்று தெரியவில்லை. என் கம்பு பட்டபோது கேக்கில் கத்தி இறங்குவது போல இறங்கியது. புழு தின்று உள்ளே மாவாகிவிட்டிருந்தது. நேர் கீழே ஆப்பிள் அரைக்கும் பழைய கல் தொட்டி. அடுத்த முறை வரும்போது இங்கே பெரிதாகப் பெருக்கல் குறி போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். அதை நம்புங்கள்.

அந்தச் சனிக்கிழமை போய் இறங்கியதுமே மழை பிடித்துக்கொண்டது. அதனால் பெடோஸ் வீட்டம்மா டீயை முதலிலேயே கொடுத்துவிட்டார். சமையலறையில் ஈரக் கோட்டுகளோடு நெருக்கி நின்றோம். எலுமிச்சை கேக். மெரியல் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். நான் இரண்டாவது துண்டு எடுத்தேன். வாயில் கேக் இருந்தால் யாரும் பேச எதிர்பார்க்க மாட்டார்கள். மழை விட்டதும் எல்லோரும் வெளியே கிளம்பினார்கள். அவள் என் பக்கத்தில் வந்து, "பரவால்ல, இறங்கி வந்து சொல்லிக்கலாம். அவசரமில்ல" என்று காதருகில் சொன்னாள்.

நான் முதலில் ஏறினேன். கீழே ஐவர் முட்டைக் கணக்குக் கேட்டான். நாலு என்றேன்.

சுவரோரத்திலிருந்து தொடங்கிக் கால் வைத்து, அழுத்தி, கோடு இழுத்துக்கொண்டே போனேன். அங்கே தூசி அதிகம். சாக்பீஸை அழுத்திப் பிடித்தால்தான் கோடு விழும். மூடி இருக்கும் இடம் வந்தது. நின்றேன். சுற்றிப் போக இடமிருந்தது. குறி போட சாக்பீஸ் இருந்தது. நான் காலை அகட்டி ஒரே எட்டாக மூடியைத் தாண்டினேன், இத்தனை உடம்பை வைத்துக்கொண்டு. தாண்டி நின்று, கம்பைப் பின்னால் நீட்டி, மூடியின் மேல் கோட்டைத் தொடர்ந்து இழுத்து என் காலடிவரை கொண்டுவந்தேன். அந்த இடத்தில் அழுத்த முடியவில்லை. கோடு மெல்லியதாக விழுந்தது. மீதித் தரையையும் முடித்து, அந்தப் பக்கம் திரும்பி நின்று, "தாங்கும்" என்று குரல் கொடுத்தேன்.

மெரியல் ஏறி வந்தாள்.

அவள் விழுந்ததைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த மரம் உடைகிற சத்தம், அப்புறம் கல்லில் ஒரு சத்தம். நான் ஏணியில் இறங்கி வந்தபோது ஐவர் அவள் தலைக்கடியில் தன் கோட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே வைத்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண் திறந்திருந்தது. பேச்சு வரவில்லை. என்னையேதான் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அந்தப் பார்வை நின்றுவிட்டது. இப்போது என் வீட்டில் எந்த அறையில் இருந்தாலும் எதிரே அந்தக் கண் இருக்கிறது. மாடியில் படுக்கிறதை விட்டுவிட்டேன். என் வீட்டுப் படிக்கட்டில் கால் வைக்கவே பயமாக இருக்கிறது. சோபாவில் படுக்கிறேன், தூங்குவதில்லை.

மரண விசாரணை அதிகாரி என்னிடம் மிகவும் கனிவாக நடந்துகொண்டார். மூடி ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கிறது, கனமான மனிதர் முதலில் கடந்ததில் விரிசல் விட்டிருக்கிறது, அடுத்து வந்தவரின் துரதிருஷ்டம் என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு நொடி முன்பின்னாகியிருந்தால் நானே விழுந்திருப்பேனாம். ஐவர் என் தோளை அணைத்துக்கொண்டான். "நீ போயிருக்க வேண்டியதுடா, உன் நல்ல நேரம்" என்றான். நான் தலையாட்டினேன். என் கால் அந்த மூடியில் படவே இல்லை.

சவ அடக்கத்தன்று அவள் கணவர் கெனத் என்னைத் தேடி வந்தார். பெரிய பேச்சுக்காரர் இல்லை. மண்டபத்தில் என்னை ஓரமாக அழைத்துப்போனார்.

"கடைசி நேரத்துல அவ பக்கத்துல நீங்க இருந்தீங்களே, அது போதுங்க எங்களுக்கு."

பிறகு குரலை இறக்கிக்கொண்டார்.

"இன்னொண்ணு. அந்த மரத்து விஷயம் எனக்குத் தெரியும். அது ஆம்ப்ரோஸ் சொல்ல வேண்டியது, நீ வாயத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தா. இனிமே அத யாரு பேசப் போறா? உங்க தேதி உங்களோடயே இருக்கட்டும். உங்க மேல அவளுக்கு அவ்வளவு மரியாதை."

அவர் கையில் சாண்ட்விச் தட்டு இருந்தது. எனக்கும் ஒன்று எடுத்து வைத்தார். நான் அதைத் தின்றேன், சார்ஜென்ட். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

கட்டடம் இப்போது இல்லை. பெடோஸ் வீட்டம்மா அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். ஆள் செத்த இடம், ஆபத்தான கட்டடம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் இயந்திரம் வந்து தரைமட்டமாக்கிவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். வளைந்த உத்தரங்கள் சேற்றில் கிடந்தன. மெரியல் போட்ட துளை ஒன்றில் தெரிந்தது. சின்னத் துளைதான்.

நான் நிறையவே இளைத்துவிட்டேன், பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஆனாலும் குழுவினர் போன வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். "நீ இல்லாம யாருய்யா முன்னால ஏறுவா? எத்தன நாளைக்கு இப்படியே உட்கார்ந்திருப்ப?" என்று ஐவர் வீடு தேடி வந்து இழுத்துப் போனான். ஒரு தானியக் களஞ்சியம். நான் ஏறினேன், கோடு போட்டேன், தாங்கும் என்றேன். ஒருவர்கூடத் தரையைப் பார்க்கவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டே என் கோட்டில் வரிசையாக வந்தார்கள். மெரியல் இடத்தில் ஒரு புதுப் பெண் வந்தாள். அவள் கால் பட்ட ஒவ்வொரு பலகையையும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள்தான் முதல் முறையாக உங்களிடம் வந்தேன். வந்தும், குறி போட மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இதற்கே நீங்கள் என்னை உள்ளே வைக்கலாம். கட்டடத்தைக் காப்பாற்றத் தவறான வழியில் போன கிழவன் என்று நாலு பேர் இரக்கப்படவும் கூடும். ஆனால் இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

ஒன்று, அன்று சமையலறையில் பெடோஸ் சொன்னது. கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார். "நான் அத இடிக்கப் போறேன்னு ஊரெல்லாம் பேசுறாங்களாம்ல? இடிக்கல. என் மக சண்ட போட்டு அழுதுட்டா. ஓடு மட்டும் மாத்திட்டு அப்படியே விட்டுரப் போறேன். எந்த வருஷத்துக் கட்டடமா இருந்தா எனக்கென்ன, மேல ஆந்தை குஞ்சு பொரிச்சிருக்கு." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஏணியில் கால் வைப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும், அந்தக் கட்டடத்தை யாரிடமிருந்தும் காப்பாற்ற வேண்டியதில்லை.

மெரியல் என்னை எதிர்த்திருந்தால் பொறுத்திருப்பேன். பரிதாபப்பட்டாள். என் கையைத் தட்டினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டாவது விஷயம் யாருக்கும் தெரியாது. அந்த நேரம் மாடியில் நாங்கள் இருவர் மட்டும்தான், ஐவர் ஏணியடியில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தான்.

மெரியல் கோட்டின் மேல் வந்துகொண்டிருந்தவள், மூடிக்கு முன்னால் நின்றாள். டார்ச் வெளிச்சத்தைத் தரையில் அடித்தாள். தூசியில் என் பூட்ஸ் தடம் வரிசையாக வந்து, அங்கே நின்று, ஒரு நீண்ட இடைவெளிக்கு அப்பால் மறுபடி தொடங்கியிருந்தது. நடுவில் தடமில்லை. கோடு மட்டும்தான். அவள் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"ஆம்ப்ரோஸ், இந்த எடத்துல நீங்க கால் வைக்கவே இல்லையே?"

நில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யோசிக்க நேரம் இருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"வெச்சேன்மா," என்றேன். "தாங்கும்."

யார் சொன்னது என்று எல்லோரையும் கேட்கிறவள், அன்று கேட்கவில்லை. சரி என்றாள். டார்ச்சைத் தரையிலிருந்து எடுத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி காலை எடுத்து வைத்தாள்.